வீசமும் அரைக்காலும்: ஃபெரோதார்னைப் போட்டியில் ஆடும் முறை

பாளையங்கோட்டையில் நாங்கள் ஐந்தாறு பேர் மாலை வேளைகளில் கைபேசியில் போக்கிமான் ஷோடவுன் தளத்தைத் திறந்துவைத்து, கற்பனை உயிரிகளின் அணிகளை மோதவிடும் போக்கிமான் ஆட்டத்தை ஆடத் தொடங்கிய காலத்தில், எல்லோருடைய அணியிலும் டிராகனும் நிலமும் சேர்ந்த கார்சோம்ப் என்ற உயிரி ஒன்று இருந்தது. புல் வகையில் ஒன்றைக்கூட எவரும் சேர்க்கவில்லை. புல் தீயில் கருகும், பனியில் வாடும், நஞ்சில் பட்டுப்போகும், பூச்சிக்கும் பறவைக்கும் இரையாகும் என்று அதன் 5 பலவீனங்களையும் மனப்பாடமாக ஒப்பித்தோமே தவிர, புல்லோடு இரும்பு சேர்ந்தால் அந்த ஐந்தில் எத்தனை மிஞ்சும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். அந்த ஒன்று மிகப் பொல்லாதது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

புல்லும் இரும்பும் சேர்ந்த அந்த உயிரியின் பெயர் ஃபெரோதார்ன். 2010-இல் ஐந்தாம் தலைமுறை ஆட்டங்களில் அறிமுகமாகி எட்டாம் தலைமுறை வரை வந்தது. 2022-இல் வெளியான ஸ்கார்லெட், வயலட் ஆட்டங்களில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. ஆகவே நான் இங்கே சொல்வதெல்லாம் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை விதிகளின்படி, 100-ஆம் நிலையில், ஆறுக்கு ஆறு என்று ஆடும் ஒற்றையர் ஆட்டத்துக்கு உரியது. 50-ஆம் நிலையில் ஆடும் இரட்டையர் போட்டிக்கு இதை அப்படியே எடுத்துச் செல்ல வேண்டாம். அங்கே ஆட்டம் சில சுற்றுகளிலேயே முடிந்துவிடுவதால் இந்த உயிரியின் பொறுமைக்கு வேலை குறைவு.

நம் பக்கத்துக் கோயில் மண்டபங்களின் கல்தரையில் ஆடுபுலிக் கட்டம் கீறியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 3 புலிகள் தாவித் தாவி வெட்டும். 15 ஆடுகளுக்கு வெட்டும் உரிமையே கிடையாது. ஆனாலும் புலி அசைய இடமில்லாதபடி கட்டங்களை அடைத்துவிட்டால் ஆட்டுக்காரர் வென்றுவிடுவார். ஃபெரோதார்னை அணியில் வைத்திருப்பவர் ஆட்டுக்காரராக யோசிக்கப் பழக வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு புலியாட்டம் ஆடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

உடம்பும் வகையும்

அதன் அடிப்படை எண்கள் இவை: உயிர் 74, தாக்குதல் 94, தற்காப்பு 131, சிறப்புத் தாக்குதல் 54, சிறப்புத் தற்காப்பு 116, வேகம் 20. மொத்தம் 489 என்பது பெரிய தொகை அன்று. ஆனால் அந்தத் தொகை எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பயன்படாத சிறப்புத் தாக்குதலிலும் வேகத்திலும் மிச்சம் பிடித்து, இரண்டு தற்காப்புகளிலும் கொட்டியிருக்கிறார்கள். உயிர்ப்புள்ளி மட்டும் நடுத்தரம். அதனால் ஒரே அடியில் விழாது. ஆனால் சிறு அடிகள் சேரச் சேரத் தேயும்.

வகைகள் மொத்தம் 18. அவற்றில் நஞ்சு இதைத் தொடவே தொடாது. சாதாரணம், நீர், மின்சாரம், மனோசக்தி, பாறை, டிராகன், இரும்பு, ஃபேரி ஆகிய எட்டும் பாதி அடிதான் அடிக்கும், புல் கால்வாசிதான். பனி, நிலம், பறவை, பூச்சி, ஆவி, இருள் ஆகிய ஆறும் முழு அடி. சண்டை வகை இரட்டிப்பு. தீ வகை நான்கு மடங்கு. நீரையும் மின்சாரத்தையும் டிராகனையும் ஃபேரியையும் ஒரே உயிரி தாங்குவது மிக அரிது. அதற்காகத்தான் இது அணிக்குள் வருகிறது. புல் வகை என்பதால் உறங்கவைக்கும் பொடிகள் பலிக்கா. இரும்பு வகை என்பதால் டாக்ஸிக் என்ற நஞ்சு ஏறாது, மணற்புயலும் உறைக்காது.

இயல்புத்திறன்கள் இரண்டு உண்டு. இரண்டாவதை மறந்துவிட்டு, அயர்ன் பார்ப்ஸ் என்பதையே வைத்துக்கொள்ளுங்கள். உடலால் தொட்டு அடிக்கிற எதிராளி ஒவ்வோர் அடிக்கும் தன் முழு உயிரில் எட்டில் ஒரு பங்கை இழப்பான். நம் தேரிக்காட்டு உடைமுள் வேலியை ஒருமுறை தாண்டியவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பின்னக் கணக்கு

கோட்டையாலும் மரக்காலாலும் நெல் அளந்த தலைமுறையினர், பங்கு பிரிக்கும்போது அரை, கால், அரைக்கால், வீசம் என்று வாயாலேயே கணக்கிட்டுக்கொண்டு போவார்கள். கால் என்பது நான்கில் ஒன்று. அரைக்கால் எட்டில் ஒன்று. வீசம் பதினாறில் ஒன்று. சதவீதத்தில் எண்ணியபோது எனக்குப் பிடிபடாத ஃபெரோதார்ன், இந்தப் பழைய பின்னங்களில் எண்ணத் தொடங்கியதும் தெளிவாகப் பிடிபட்டது. ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் பெரும்பாலும் இதே பின்னங்களில்தான் விதிகளை அமைத்திருக்கிறார்கள்.

ஒரு சுற்றில் ஓர் உயிரி செய்யும் செயலுக்கு மூவ் என்று பெயர். லீச் சீட் என்ற மூவ் எதிராளியின்மேல் ஒரு விதையை ஊன்றும். அது ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அவனுடைய முழு உயிரில் அரைக்காலை உறிஞ்சி நமக்குத் தரும். லெஃப்ட்ஓவர்ஸ் என்ற கைப்பொருள் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நம் உயிரில் ஒரு வீசத்தை மீட்டுத் தரும். ஸ்பைக்ஸ் என்ற முள்ளை எதிராளியின் களத்தில் ஓர் அடுக்கு பரப்பினால், தரையில் கால் வைத்து உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அரைக்கால் இழப்பார்கள். இரண்டு அடுக்குக்கு ஆறில் ஒன்று. மூன்று அடுக்குக்குக் கால். ஸ்டெல்த் ராக் என்ற கூர்ங்கற்கள் பாறை வகை அடியாகக் கணக்கிடப்படுவதால், வருகிறவரின் வகைக்கேற்ப வீசத்துக்கும் கீழிருந்து அரைவரை போகும். ஃபெரோதார்ன் பாறையைப் பாதியாகத் தாங்குவதால், எதிராளி நம் பக்கத்தில் கற்களைப் பரப்பியிருந்தாலும் அது ஒரு வீசம்தான் இழக்கும். அந்தச் சுற்று முடிவதற்குள் லெஃப்ட்ஓவர்ஸ் அந்த வீசத்தைத் திருப்பித் தந்துவிடும். வரவும் செலவும் சரி.

இப்போது எதிராளியின் இடத்தில் இருந்து பாருங்கள். உங்கள் உயிரியின்மேல் விதை ஊன்றப்பட்டிருக்கிறது. நின்றால் சுற்றுக்கு அரைக்கால் போகும். வெளியேறினால் விதை உதிர்ந்துவிடும். ஆனால் உள்ளே வருகிற அடுத்தவன் முள்ளில் மிதித்து அரைக்காலோ காலோ இழப்பான். நின்றாலும் நட்டம், நகர்ந்தாலும் நட்டம். ஃபெரோதார்னின் ஆட்டம் முழுவதும் இந்த ஓர் இடுக்கியில்தான் இருக்கிறது. விதை மட்டும் இருந்து முள் இல்லையென்றால் எதிராளி சுகமாக மாற்றிக்கொண்டே இருப்பான். முள் மட்டும் இருந்து விதை இல்லையென்றால் அவன் மாற்றவே மாட்டான். ஆகவே இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு இன்னொரு தாக்குதல் மூவைச் சேர்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே.

எண்ணால் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வோம். முழுமையாக உயிர்ப்புள்ளி ஏற்றிய ஃபெரோதார்னுக்கு உயிர் 352. லெஃப்ட்ஓவர்ஸ் தருவது 22. எதிரே நிற்பது உயிர்ப்புள்ளி ஏற்றாத கார்சோம்ப் என்றால் அதன் உயிர் 357. விதை உறிஞ்சுவது 44. இரண்டும் சேர்ந்து சுற்றுக்கு 66, அதாவது மூன்று வீசம். உறிஞ்சும் அளவு எதிராளியின் உயிரைப் பொறுத்தது என்பதால், 714 உயிர் கொண்ட பிளிஸி எதிரே நின்றால் ஒரு சுற்றுக்கு 89 வரும். நம் உயிரில் கால் பங்கு. மென்மையான பிளிஸியைக் கண்டதும் பவர் விப் என்ற புல் வகை மூவால் ஓங்கி அடிக்கத் தோன்றும். விதை ஊன்றிவிட்டு முள் பரப்புவதே லாபம்.

ஊன்றும் விதை 100-க்கு 90 முறைதான் பிடிக்கும் என்பதையும், புல் வகை உயிரிகள்மேல் பிடிக்கவே பிடிக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அணிவகுப்பு

ஈ.வி. என்பவை நாம் விரும்பிய எண்ணில் ஏற்றிக்கொள்ளும் பயிற்சிப் புள்ளிகள். அவற்றில் 252-ஐ உயிருக்குக் கொடுங்கள். இதில் விவாதம் இல்லை. அடுத்த 252 எங்கே என்பதுதான் கேள்வி. நீர், மின்சாரம், டிராகன், ஃபேரி ஆகியவற்றின் சிறப்புத் தாக்குதல்களை வாங்குவது இதன் முதல் வேலை என்றால் சிறப்புத் தற்காப்புக்குக் கொடுத்து, ஸாஸி என்ற நேச்சரை (ஓர் எண்ணைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்கும் சுபாவத்தை) வையுங்கள்; சிறப்புத் தற்காப்பு 364-க்கு ஏறும், தற்காப்பு எதுவும் ஏற்றாமலேயே 298 இருக்கும். நேரடியாக மோதுகிறவர்களை உடல் முள்ளால் தேய்ப்பது முதல் வேலை என்றால் தற்காப்புக்குக் கொடுத்து, ரிலாக்ஸ்ட் நேச்சரை வையுங்கள். தற்காப்பு 397 ஆகும். இரண்டுக்கும் பாதி பாதியாகப் பிரித்து வைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. எந்த அடியைத் தாங்கும் என்று சுற்றுக்குச் சுற்று ஐயப்பட நேரிடுகிறது.

இந்த இரண்டு நேச்சர்களும் வேகத்தைக் குறைப்பவை. வேகத்தின் ஐ.வி. என்ற பிறவிப் புள்ளியையும் சுழியாக்கினால் வேகம் 40-இல் வந்து நிற்கும். கைரோ பால் என்ற இரும்பு வகை மூவுக்காக இந்த ஏற்பாடு. எதிராளியின் வேகத்தை நம் வேகத்தால் வகுத்து, 25-ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் அதன் வலிமை கிடைக்கும். உச்ச வரம்பு 150. முழு வேகம் ஏற்றிய கார்சோம்பின் வேகம் 333. வலிமை வரம்பை எளிதாகத் தொடும். 421 வேகத்தில் வரும் டிராகபல்ட்டும் அப்படியே. ஆட்டத்திலேயே மிக மெதுவான ஒன்று மிக வேகமான ஒன்றைத் தன் மெதுவாலேயே அடிப்பது இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த விதிகளில் ஒன்று. ஆனால் கைரோ பாலையும், எதிராளிக்கு வாதம் பிடிக்கவைக்கும் தண்டர் வேவையும் ஒரே ஃபெரோதார்னில் வைக்காதீர்கள்: வாதம் பிடித்த கார்சோம்பின் வேகம் பாதியாகி 166-க்கு இறங்கும், வலிமையும் 150-இலிருந்து 104-க்கு இறங்கிவிடும். கைரோ பாலை ஓர் ஆட்டத்தில் 8 முறைக்குமேல் பயன்படுத்தவும் முடியாது.

மூவ்களுக்கு நான்கு இடங்கள். முதல் இரண்டும் லீச் சீட், ஸ்பைக்ஸ். ஸ்டெல்த் ராக்கை அணியில் வேறொருவர் பரப்பட்டும். இரண்டையும் ஃபெரோதார்னே பரப்ப நினைத்தால் நேரம் போதாது. மூன்றாவதாக எட்டாம் தலைமுறையில் நாக் ஆஃப் மிக அவசியம் என்பது என் கருத்து. காரணம் ஹெவி டியூட்டி பூட்ஸ் என்ற கைப்பொருள். 2019-இல் அது வந்த பிறகு, அதை அணிந்தவர்கள் முள்ளையும் கல்லையும் பொருட்படுத்தாமல் நடக்கிறார்கள். நாம் எத்தனை அடுக்கு முள் பரப்பினாலும் அவர்களுக்கு அது பஞ்சு மெத்தை. நாக் ஆஃப் அந்தச் செருப்பைத் தட்டிவிடும். நான்காவது இடத்துக்குப் பவர் விப், கைரோ பால், பாடி பிரஸ், ப்ரொடெக்ட் ஆகிய நான்கும் போட்டியிடும். பவர் விப் வலிமை 120, 100-க்கு 85 முறை படும். நீர் வகைகளைத் துரத்த வேண்டும் என்றால் இதுவே. பாடி பிரஸ் நம் தற்காப்பு எண்ணையே தாக்குதலாக எடுத்துக்கொள்ளும். சண்டை வகை மூவ் என்பதால் எதிர் ஃபெரோதார்னையும், தீயும் இரும்பும் சேர்ந்த ஹீட்ரானையும் இரட்டிப்பாக அடிக்கும். அந்தச் சுற்றின் அடியைத் தடுக்கும் ப்ரொடெக்ட், வேறொன்றும் செய்யாத மூவ் போலத் தோன்றும். ஆனால் விதை ஊன்றிய பிறகு ஒரு சுற்று கதவைச் சாத்திக்கொண்டால், அடி வாங்காமலேயே மூன்று வீசம் வரவு. அடுத்தடுத்து இரண்டு முறை சாத்த முயன்றால் இரண்டாவது முறை மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புத்தான் என்பதால், பேராசை கூடாது.

உள்ளே இறக்குவதும் எப்போது எதைச் செய்வது என்பதும்

ஃபெரோதார்னுக்குத் தன்னைத் தானே முழுமையாகக் குணப்படுத்திக்கொள்ளும் நல்ல வழி கிடையாது. விதையும் லெஃப்ட்ஓவர்ஸும் தருகிற பின்னங்கள்தான் அதன் வருமானம். ஆகையால், தாங்கும் உடம்பு இருக்கிறதே என்று எல்லா அடிக்கும் அதைக் கொண்டுபோய் நிறுத்துவது பெரும் தவறு. ஒவ்வொரு முறை உள்ளே இறக்கும்போதும், இறங்கியதனால் குறைந்தது ஓர் அடுக்கு முள்ளாவது, ஒரு விதையாவது, பறிக்கப்பட்ட ஒரு கைப்பொருளாவது கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்காது என்றால் இறக்க வேண்டாம்.

இதை நான் தோற்றுத்தான் கற்றேன். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் அத்தானிடம் நீரும் மின்சாரமும் சேர்ந்த ஒரு ரோட்டம் வாஷும் ஒரு ஹீட்ரானும் எப்போதும் இருக்கும். அவருடைய ரோட்டம் களத்தில் நிற்கையில், ஹைட்ரோ பம்ப் என்ற நீர் அடி வரும் என்று எண்ணி ஃபெரோதார்னை இறக்கினேன். அவர் வோல்ட் ஸ்விட்ச் என்ற மின்சார அடியைப் போட்டார். அடி அரைக்காலுக்கும் குறைவுதான். ஆனால் அந்த மூவ் அடித்த கையோடு தன் ஆளை வெளியே எடுத்துவிடும் என்பதால், ஹீட்ரான் சுகமாக வந்து எதிரே நின்றது. தீயின்முன் நான் நிற்க முடியாது. ஒன்றும் செய்யாமல் வெளியேறினேன். இப்படி மூன்று முறை. ஒவ்வொரு முறையும், நீரையும் மின்சாரத்தையும் தாங்குகிற உயிரி என்னிடம் இருக்கிறதே என்ற எண்ணம்தான் என்னை ஏமாற்றியது. நான்காம் முறை கார்சோம்பை இறக்கினேன். நில வகையின்மேல் வோல்ட் ஸ்விட்ச் படாது. படாவிட்டால் மாற்றமும் நடக்காது. ரோட்டம் நின்ற இடத்திலேயே நின்றது. "என்ன மாப்ளே, முள்ளம்பன்றிய எங்க?" என்று கேட்டார். முள்ளம்பன்றிக்கு ஓய்வு கொடுத்திருக்கிறேன் என்றேன்.

நல்ல நுழைவு கிடைத்துவிட்டது, எதிராளி பின்வாங்கப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் நிச்சயமாக மாற்றுவான் என்று தெரிந்தால் அந்தச் சுற்றில் முள் பரப்புங்கள்; அவன் யாரை மாற்றினாலும் முள் களத்தில் விழுந்துவிடும் என்பதால் இது வீணாகாத சுற்று. மாற்றுவானா நிற்பானா என்று தெரியாதபோது விதை ஊன்றுங்கள். நிற்கிறவன்மேலும் பிடிக்கும், உள்ளே வருகிறவன்மேலும் பிடிக்கும். அவன் அணியில் இன்னும் விழாத புல் வகை இருந்தால் மட்டும் யோசியுங்கள். செருப்பு அணிந்த ஒருவன் வரக்கூடும் என்றால் நாக் ஆஃப். அடிக்கும் மூவ் இந்த வரிசையில் கடைசி. எதிராளியின் நீர் வகை, ஃபெரோதார்ன் ஒன்றும் செய்யாது என்று துணிந்து நின்றுகொண்டு தன்னை வலுவேற்றிக்கொள்ள முயலும்போது மட்டும் அது முதலிடத்துக்கு வரும்.

முதல் அடுக்குக்கும் இரண்டாம் அடுக்குக்கும் உள்ள மதிப்பு வேறுபாட்டையும் கவனியுங்கள். ஸ்டெல்த் ராக்கும் ஓர் அடுக்கு முள்ளும் இருந்தாலே ஹீட்ரான் உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் கால் பங்கு இழக்கும். அதன் கையில் லெஃப்ட்ஓவர்ஸ் இருந்தாலும் ஒவ்வொரு வருகைக்கும் ஒன்றிரண்டு வீசம்தான் மீளும். முதல் அடுக்கு விழுந்த பிறகு, ஃபெரோதார்னைப் பாதுகாத்துக்கொண்டு மற்றவர்களை வைத்து எதிராளியை மாற்ற வைப்பது, இரண்டாம் அடுக்குக்காக அதைப் பலி கொடுப்பதைவிடப் பல ஆட்டங்களில் சிறந்தது. மூன்றாம் அடுக்கு வரை பரப்பிய ஆட்டங்கள் எனக்கு விரல்விட்டு எண்ணும் அளவே.

அஞ்ச வேண்டியவை

தீயைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை: ஹீட்ரான், வோல்கரோனா போன்றவை எதிரே வந்தால் வெளியேறுங்கள். தீ வகை என்று பெயர் இல்லாமலேயே தீ மூவை ஒளித்துவைத்து வருகிறவர்கள்தான் உண்மையான ஆபத்து. டிராகபல்ட்டும் கிளஃபேபிளும் கார்சோம்பும் தீ மூவ்களைக் கற்கக்கூடியவை. அவற்றில் பல ஃபெரோதார்னுக்காகவே அப்படி வருகின்றன. எதிர் அணியைப் பார்த்ததும், யார் இதற்குப் பொறி வைத்திருக்கக்கூடும் என்று பட்டியலிட்டுக்கொண்டு, முதல் சந்திப்பில் முடிந்தால் ப்ரொடெக்டால் வேவு பாருங்கள். வெயில் அணி என்றால் தீயின் அடி மேலும் ஒன்றரை மடங்காகும், நான்கு ஆறாகிவிடும். மாறாக, பெலிப்பர் கொண்டுவரும் மழையில் தீ பாதியாகும், நான்கு இரண்டாகும். மழை 5 சுற்று நிற்கும், டாம்ப் ராக் வைத்திருந்தால் 8. குற்றாலத்துச் சாரலைப் போல இந்த மழையும் நாம் விரும்புகிற நேரத்துக்கு நீடிக்காது. சுற்றுகளை எண்ணி ஆடுங்கள்.

கிளஃபேபிளைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேஜிக் கார்ட் என்ற இயல்புத்திறன் உள்ள கிளஃபேபிளுக்கு விதை, முள், கல், அயர்ன் பார்ப்ஸ் எதுவுமே உறைக்காது. மேலே நான் போட்ட பின்னக் கணக்கு முழுவதும் அதனிடம் சுழி. எதிர் அணியில் அது இருந்தால் கைரோ பால் வைத்திருப்பதன் அருமை புரியும். கிளஃபேபிள் ஃபேரி வகை; ஃபேரியை இரும்பு இரட்டிப்பாக அடிக்கும்.

மேக்னசோன் இரும்பு வகைகளைக் களத்தைவிட்டு நகரவிடாமல் பிடித்துவைக்கும். ஏழாம் தலைமுறை வரை அது ஹிடன் பவர் என்ற மூவைத் தீயாக்கிக்கொண்டு வந்து ஃபெரோதார்னை எரித்தது. எட்டாம் தலைமுறையில் ஹிடன் பவர் நீக்கப்பட்டுவிட்டாலும் பாடி பிரஸ் கொண்டு வருகிறது. அது உங்களை மிகவும் தொல்லைப்படுத்தினால் ஷெட் ஷெல் என்ற கைப்பொருளை வைத்துத் தப்பலாம். ஆனால் சுற்றுக்கு ஒரு வீசம் என்ற வருமானத்தை இழப்பீர்கள். டான்ட் போடுகிறவர்கள் விதையையும் முள்ளையும் தடுப்பார்கள். மேஜிக் பவுன்ஸ் உள்ள ஹாட்டரீன் போன்றவை விதையைப் பிடிக்கவிடாது, முள்ளை நம் பக்கமே திருப்பிவிடும். அவற்றின் எதிரே நாக் ஆஃபையோ கைரோ பாலையோ அன்றி வேறெதையும் தொடாதீர்கள். சப்ஸ்டிட்யூட் என்ற பொம்மையின் பின்னால் நிற்கிறவன்மேல் விதை பிடிக்காது.

பரப்பிய முள்ளை வாரியெறிய இரண்டு வழிகள் உண்டு. ராபிட் ஸ்பின் உடலால் தொடும் மூவ் என்பதால், ஃபெரோதார்ன் எதிரே நிற்கும்போது சுழல்கிறவன் அரைக்கால் கப்பம் கட்டியாக வேண்டும். அணியில் ஓர் ஆவி வகையை வைத்து அதை நேரத்தில் இறக்கினால் அந்தச் சுழற்சி பலிக்காமலே போகும். டிஃபாக் அப்படியன்று, அதைத் தடுப்பது கடினம், போட்டவன் போட்டதுதான். ஆனால் அவன் டிஃபாக் போடச் செலவிட்ட சுற்றில் நம்மை யாரும் அடிக்கவில்லை என்பதையும் வரவில் எழுதிக்கொள்ளுங்கள்.

துணைகளைத் தேடுகையில், தீயையும் சண்டையையும் சேர்த்துத் தாங்குகிற ஒருவர் முதலில் வேண்டும். ஸ்லோப்ரோ அதற்கு நல்ல துணை: நீரும் மனோசக்தியும் சேர்ந்ததால் இரண்டையும் தாங்கும்; அதன் பலவீனங்களான புல்லையும் மின்சாரத்தையும் ஃபெரோதார்ன் வாங்கிக்கொள்ளும்; ரீஜெனரேட்டர் என்ற இயல்புத்திறன் இருந்தால் வெளியேறும்போதெல்லாம் மூன்றில் ஒரு பங்கு உயிர் மீளும். டாக்ஸபெக்ஸும் இதே வேலையைச் செய்யும், ஹீட்ரானின் நில அடிக்கு மட்டும் அஞ்ச வேண்டும். அந்த ஹீட்ரானுக்கென்று ஒரு நில வகை வைத்துக்கொள்ளுங்கள்.

முள்ளோடு முள்

லெஃப்ட்ஓவர்ஸுக்குப் பதிலாக ராக்கி ஹெல்மெட் வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கப்படுகிறது. அது தொட்டு அடிப்பவனிடம் ஆறில் ஒன்றைப் பறிக்கும். அயர்ன் பார்ப்ஸின் எட்டில் ஒன்றோடு கூட்டினால் 24-இல் 7. ஓர் அடிக்கு, அடித்தவனே கால் பங்குக்கு மேல் இழப்பான். யு டர்ன் போட்டு நழுவுகிறவர்கள், நாக் ஆஃப் போடுகிறவர்கள் எல்லோரும் தொட்டே ஆக வேண்டும். தற்காப்புப் பக்கம் ஏற்றிய ஃபெரோதார்னுக்கு, அணியில் வேறு வகையில் குணப்படுத்தும் வழி இருந்தால், இதைத் தயங்காமல் வைக்கலாம். வருமானம் குறையும், அபராதம் கூடும். எதிர் அணிகளில் தொட்டு அடிக்காத சிறப்புத் தாக்குதல்காரர்களே அதிகம் என்றால் இது வெறும் தலைச்சுமை.

அத்தானிடம் இதைச் சோதித்த ஆட்டம் ஒன்று நினைவில் இருக்கிறது. அவருடைய பக்கம் ஸ்டெல்த் ராக் விழுந்திருந்தது. என் கார்சோம்ப் களத்தில் நின்றபோது அவர் வீவைலை இறக்கினார். பனியும் இருளும் சேர்ந்த அதன்மேல் கற்கள் இரட்டிப்பாகத் தைத்ததால் கால் போய் முக்கால் உயிர் மிஞ்சியது. அதன் கையில் இருந்தது செருப்பு இல்லை, சாய்ஸ் பேண்ட். போட்ட மூவையே திரும்பத் திரும்பப் போட வைக்கிற கைப்பொருள். கார்சோம்புக்குப் பனி நான்கு மடங்கு என்பதால் அவர் ட்ரிபிள் ஆக்ஸல் போடுவார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஃபெரோதார்னை உள்ளே இறக்கினேன். ட்ரிபிள் ஆக்ஸல் ஒரே சுற்றில் மூன்று முறை தொட்டு அடிக்கும். முதல் அடிக்கு 24-இல் 7 போயிற்று. இரண்டாம் அடிக்கு இன்னொரு 7. மிச்சம் இருந்தது 4. மூன்றாம் அடியைத் தடுத்து நிறுத்த அவரால் முடியாது. வீவைல் தானே அடித்துத் தானே விழுந்தது. ஃபெரோதார்ன் பாதி உயிருக்குக் குறையாமல் நின்றுகொண்டிருந்தது. கைபேசியின் மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஏலே, நீ ஒண்ணுமே செய்யலயே" என்றார். ஆமாம் அத்தான் என்றேன். மீதி இருந்த 4 பேருக்காக அடுத்த சுற்றில் முள் பரப்பினேன்.